கிடாரின் மறுபிறவி

1978இல் ஜப்பானின் ஹமமட்சு நகரத்து டோக்கை நிறுவனம் ஒரு எலெக்ட்ரிக் கிடாரைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அமெரிக்காவின் கிப்சன் நிறுவனம் 1958 முதல் 1960 வரை செய்த லெஸ் பால் கிடாரை அது அச்சு அசலாக ஒத்திருந்தது. உடலின் வளைவும் அதேதான், நடுவில் தேன்நிறமாகத் தொடங்கி ஓரங்களில் சிவந்து கறுக்கும் பூச்சும் அதேதான். தலைப்பகுதியில் ‘லெஸ் பால் ரீபார்ன்’ என்று எழுதியிருந்தார்கள். மறுபடி பிறந்த லெஸ் பால் என்று பொருள். விற்பனைக்காக வைத்த பெயர் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் பௌத்தம் ஆயிரத்து சொச்சம் ஆண்டுகள் ஊறிய ஒரு நாட்டிலிருந்து அப்படி ஒரு பெயரோடு ஒரு பொருள் வரும்போது, கூடவே ஒரு பழைய கேள்வியும் வந்துவிடுகிறது. மறுபடி பிறந்தது பழையதுதானா, வேறொன்றா?

கிரேக்க வம்சத்து அரசர் மிலிந்தர் பிக்கு நாகசேனரிடம் கேட்டது இதைத்தான். பாலி நூலான ‘மிலிந்த பன்ஹா’வில் நாகசேனர் அதற்கு ஒரு விளக்கை உவமை காட்டுகிறார். முதல் யாமத்தில் எரிந்த சுடரும் கடைசி யாமத்தில் எரியும் சுடரும் ஒன்றென்று சொல்ல முடியாது. அதற்காக வேறு வேறு என்று பிரித்துவிடவும் முடியாது, விடிய விடிய எரிந்தது ஒரே விளக்கு. ஓர் உடலை விட்டு இன்னோர் உடலுக்குத் தாவும் ஆன்மா என்று எதையும் ஏற்காமலே தொடர்ச்சியை விளக்க முடியும் என்பது அவர் கட்சி.

1970களின் ஜப்பானியக் கிடார்களை இன்று உலகம் முழுக்கத் தேடி வாங்குகிறார்கள். விலை மலிவு என்பது ஒரு காலத்தில் காரணமாக இருந்தது. இப்போது அது மட்டும் காரணமாக இருக்க முடியாது, நல்ல நிலையில் உள்ளவற்றின் விலை ஏறிக்கொண்டே போகிறது. நாகசேனரின் விளக்கு இங்கேதான் உதவுகிறது, ஏனென்றால் அந்தக் காலத்தில் சுடர் பிறந்த வீட்டிலேயே மங்கிக்கொண்டிருந்தது. 1965இல் ஃபெண்டர் என்ற இன்னொரு அமெரிக்கக் கிடார் நிறுவனத்தை சிபிஎஸ் என்ற ஒளிபரப்பு நிறுவனம் 1.3 கோடி டாலருக்கு வாங்கியது. கிப்சன் 1969இல் கைமாறி, பின்னர் நார்லின் என்ற பெயர்கொண்ட குழுமத்துக்குள் போனது. கிப்சனின் புதிய லெஸ் பால்களில் உடலைப் பலகை அடுக்குகளாக ஒட்டினார்கள். ஃபெண்டரில் கழுத்தை இறுக்க நான்கு திருகாணி இருந்த இடத்தில் மூன்று போதும் என்றார்கள். 1950களின் நாதத்தைக் கேட்டு வளர்ந்த இளைஞர்களுக்குப் புதிய அமெரிக்கக் கிடாரில் அது கிடைக்கவில்லை. பழையதை வாங்கலாம் என்றால், அந்த மூன்றாண்டு லெஸ் பால்கள் உலகத்திலேயே சுமார் 1,500 அளவில்தான் இருந்தன.

ஜப்பானியர்கள் முதலில் பிரதி எடுத்தது தோற்றத்தை மட்டும். நாகானோ மாநிலத்து மட்சுமோட்டோவில் ஃபுஜிஜென் ஆலை 1960இல் தொடங்கியது. அதே ஊரில் மட்சுமோக்கு என்ற மரவேலை ஆலை, சிங்கர் தையல் இயந்திரங்களுக்குப் பெட்டி செய்துவந்து பிறகு கிடாருக்கு மாறியது. 1970களின் தொடக்கத்தில் ஜப்பானில் தயாரான லெஸ் பால் பிரதிகள் பலவற்றில் மேற்பலகை என்பது அழுத்தி வளைத்த பிளைவுட். தட்டிப் பார்த்தால் அடியில் உள்ள வெற்றிடம் கேட்கும். பசையால் ஒட்ட வேண்டிய கழுத்தைத் திருகாணியால் முடுக்கியிருப்பார்கள். மேடையில் பார்த்தால் லெஸ் பால், மடியில் வைத்தால் வேறு ஏதோ.

பத்தே ஆண்டுகளுக்குள் நிலைமை தலைகீழானது. 1980 வாக்கில் வந்த, கிரேக்கோ என்ற ஜப்பானியக் கிடார் பிராண்டின் சூப்பர் ரியல் வரிசையின் உயர்ரகங்களிலும் டோக்கையின் உயர்ரகங்களிலும், கழுத்தின் அடிமுனை உடலுக்குள் பிக்கப் குழிவரை நீண்டு புதைந்திருக்கிறது. கிப்சன் அப்போது கைவிட்டிருந்த பழைய இணைப்பு இது. விரற்பலகையின் ஓரத்தை உற்றுப் பார்த்தால் இன்னொன்றும் தெரியும். ஒவ்வொரு ஃப்ரெட் கம்பியின் முனையும் வெளியே நீட்டிக்கொண்டிராமல், வெண்ணிற விளிம்புப் பட்டியின் ஒரு சிறு மேட்டுக்குப் பின்னால் முடிகிறது. கம்பிகளைப் பதித்த பிறகு, ஒவ்வொரு முனையிலும் அரிசியளவு மேட்டை மட்டும் விட்டுவிட்டு மற்ற இடத்தைச் சுரண்டி எடுத்தால்தான் இது வரும். இருபத்திரண்டு ஃப்ரெட், இரண்டு பக்கம், நாற்பத்து நான்கு மேடுகள். பத்தடி தள்ளி நிற்கும் வாடிக்கையாளர் கண்ணுக்கு இது படவே படாது. வாசிப்பவரின் விரல் மட்டும் வழுக்கிப் போகும்போது உணரும். ஏமாற்ற நினைப்பவர் மெனக்கெடுகிற இடமா இது?

பிரதி எடுப்பதை ஜப்பானிய பௌத்தம் தாழ்வாகப் பார்த்ததில்லை. இதே 1970களில் நாராவின் யாக்குஷிஜி கோயிலில் பொன்மண்டபம் மீண்டும் எழுந்தது. அதற்கான நிதியைத் திரட்ட தலைமைப் பிக்கு தகாதா கோயின் ஒரு வழி கண்டார். பக்தர்கள் இருதய சூத்திரத்தைத் தம் கையால் பார்த்து எழுதி, காணிக்கையோடு கோயிலில் செலுத்தினார்கள். அப்படி லட்சக்கணக்கான பிரதிகள் சேர்ந்தன. 1976இல் மண்டபம் முடிந்தது. தலைமைத் தச்சர் நிஷியோக்கா ட்சுனெகாசு. அந்தக் கட்டடமே பழைய ஒன்றின் மறு ஆக்கம்தான். அங்கே வணங்குபவர் யாரும் போலிக் கோயிலில் நிற்பதாக நினைப்பதில்லை. அவ்வளவு ஏன், ஜப்பானில் இசைக்குத் தெய்வமாகிய பென்சைத்தென் நம் சரஸ்வதிதான். சீனம் வழியாகப் போனவள் அங்கே வீணையை விட்டு பிவா என்ற வாத்தியத்தை ஏந்திக்கொண்டாள்.

இதையெல்லாம் சொல்லி அந்த ஆலைகளை முழுக்க நிரபராதி ஆக்கிவிடவும் கூடாது. கிடாரின் தலைப்பகுதி கிப்சனின் கையெழுத்து மாதிரி. அதையும், தூரத்திலிருந்து பார்த்தால் ‘கிப்சன்’ என்றே படிக்கத் தோன்றும் எழுத்து வடிவத்தையும் சேர்த்துப் பிரதி எடுத்தார்கள். 1977 ஜூன் மாதம் நார்லின் நிறுவனம் ஃபிலடெல்ஃபியா நீதிமன்றத்தில், ஐபனஸ் என்ற ஜப்பானியக் கிடார்களை அமெரிக்காவில் விநியோகித்த எல்ஜர் நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தது. சர்ச்சை தலைப்பகுதியின் வடிவத்தைப் பற்றியது. அடுத்த ஆண்டு சமரசத்தில் முடிந்தது, ஐபனஸோ அதற்கு முன்பே வடிவத்தை மாற்றத் தொடங்கியிருந்தது. கிப்சன் தரப்பின் கோபத்தில் நியாயம் இருந்தது. ஒருவர் கண்டறிந்த வேலைமுறையைக் கற்றுக்கொள்வது வேறு, அவர் கையெழுத்தைப் போடுவது வேறு. சூத்திரத்தைப் பிரதி எடுக்கும் பக்தர் கடைசியில் தன் பெயரையும் வேண்டுதலையும்தான் எழுதுகிறார்.

கையெழுத்து விஷயத்தில் இதைவிடச் சிக்கலான கதை ஃபெண்டருடையது. ஃபுஜிஜென் ஆலை, காண்டா ஷோக்காய் நிறுவனத்தின் கிரேக்கோ பெயரில் ஃபெண்டரின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிடாருக்குப் பிரதிகளைச் செய்துவந்தது. 1982 மார்ச்சில் ஃபெண்டர், காண்டா ஷோக்காய், யமானோ கக்கி மூவரும் சேர்ந்து ஃபெண்டர் ஜப்பானைத் தொடங்கினார்கள். செய்யும் பொறுப்பு அதே ஃபுஜிஜெனுக்குப் போனது. ஊர் அதே மட்சுமோட்டோ, ஆலை அதே ஆலை. நேற்றுவரை பிரதி என்று சொல்லப்பட்டது, ஓர் ஒப்பந்தம் கையெழுத்தானதும் அசல் ஃபெண்டர் ஆனது. முதல் மாதிரிகளைப் பார்த்த அமெரிக்க ஊழியர்களுக்கு அழுகையே வராத குறை, தாங்கள் செய்யத் திணறிக்கொண்டிருந்ததை அவர்கள் செய்து காட்டிவிட்டார்கள் என்று ஃபெண்டரின் டேன் ஸ்மித் பின்னாளில் நினைவுகூர்ந்தார். ‘ஜேவி’ என்று தொடங்கும் வரிசை எண் கொண்ட அந்த முதல் கிடார்களுக்கு இன்று தனி மதிப்பு. மரத்துக்குள்ளோ கம்பிக்குள்ளோ ‘அசல்தன்மை’ என்ற ஒன்று குடியிருக்கிறது என்று நம்புகிறவர், 1981க்கும் 1982க்கும் நடுவில் அது எந்த வழியாக உள்ளே நுழைந்தது என்று சொல்ல வேண்டும். தேரின் எந்தப் பாகம் தேர் என்று நாகசேனர் மிலிந்தரைக் கேட்டதும் இதே தொனியில்தான்.

யமஹா வேறு பாதையில் போனது. அப்போது ஆன்மிக குரு ஸ்ரீ சின்மயின் சீடராக இருந்த கிடார் கலைஞர் கார்லோஸ் சந்தானாவுக்காக, போதி மரத்தடியில் புத்தர் அமர்ந்திருக்கும் சித்திரத்தைப் பதித்து ஒரு எஸ்ஜி-175 கிடார் செய்தது. சந்தானா குறை சொன்னார். நாதம் நீண்டு நிற்கவில்லை, உடலில் கனம் வேண்டும் என்றார். யமஹா கழுத்தையே உடலின் நடுவே கடைசிவரை ஓடவிட்டு, பிரிட்ஜுக்கு அடியில் பித்தளைத் தகடு பதித்து, 1976இல் எஸ்ஜி-2000 என்ற கிடாரைக் கொண்டுவந்தது. இது யாருடைய பிரதியும் அல்ல. ஆனால் பிரதி எடுத்து எடுத்துத் தேறிய ஒரு தொழில்தான் இதைச் செய்யவும் வளர்ந்திருந்தது.

இன்றைய சந்தைக்குத் தோக்கியோவின் ஓச்சனோமிசு நல்ல சாட்சி. கிடார் கடைகள் வரிசையாக நிற்கும் பகுதி அது. அங்கே ஒரு பழைய டோக்கையையோ கிரேக்கோவையோ எடுப்பவர் முதலில் கேட்பது, பாகங்கள் எல்லாம் ஒரிஜினலா என்பதைத்தான். ஒரு பிரதியின் அசல் நிலைக்குத் தனி விலை. நாற்பது ஆண்டு வாசித்த கிடாரில் ஃப்ரெட் தேய்ந்துதான் இருக்கும். புதுக் கம்பி பதித்தால், விளிம்பிலிருக்கும் அந்த அரிசியளவு மேடுகள் பெரும்பாலும் போய்விடும், விலையும் இறங்கும். பதிக்காவிட்டால் சுரம் பிசிறடிக்கும். சேகரிப்பாளர்கள் பலர் தொடாமல் பெட்டியில் வைக்கிறார்கள். இசே ஆலயத்தை இருபது ஆண்டுக்கு ஒருமுறை புதிதாகக் கட்டி, 2013இல் 62ஆம் முறையும் கட்டி முடித்த நாட்டில் செய்த பொருளுக்கு இந்த வைராக்கியம் பொருந்தவில்லை. ஃப்ரெட்டை மாற்றிவிட்டு வாசிக்கலாம். எந்தக் கைகளின் மெனக்கெடலால் அந்தக் கிடார் இன்று மதிக்கப்படுகிறதோ, அந்தக் கைகள் வாசிப்பதற்காகத்தான் அதைச் செய்தன.