ஆளவி நகரத்து ஏழையும் கராடியின் ஏழையும்



பகவன் புத்தர் சாவத்தி நகரின் ஜேதவனத்தில் எழுந்தருளியிருந்த காலத்தில், முப்பது யோசனைத் தொலைவிலிருந்த ஆளவி நகரத்து ஏழை உழவன் ஒருவன் அறங்கேட்டு உணரும் பக்குவம் எய்தியிருப்பதை அறிந்து, அவன் ஒருவன்பொருட்டே ஆண்டுச் சென்றார் எனத் தம்மபத உரை கூறுகின்றது. அன்று அவ்வுழவனது எருது காணாமற் போயிற்று. அதனைத் தேடி அவன் காடெல்லாம் அலைந்தான். நகரத்தார் பெருமானுக்கும் சங்கத்தார்க்கும் அமுது படைத்து, அறவுரைக்காகக் காத்திருந்தனர். பெருமானோ வாய் திறவாது அமர்ந்திருந்தார். எருதை மீட்டுவிட்டுப் பசியால் வாடி அவ்வேழை வந்து வணங்கிய பின்னரே, எஞ்சிய உணவு உளதோ என வினவி, முதலில் அவனுக்கு அன்னம் இடச் செய்தார். பசி தணிந்த பின் அறம் உரைத்தார். பிக்குகள் சிலர் இதனை வியந்து பேசியபோது, பசியால் வருந்துபவன் உள்ளத்தில் அறவுரை நில்லாது என விளக்கினார்.

இவ்வரலாற்றை நாம் பன்முறை கேட்டிருக்கின்றோம். ஆயினும் பெருமான் அவனிடம் எவற்றைக் கேட்கவில்லை என்பதை நாம் எண்ணிப் பார்த்ததில்லை. நின் ஊர் யாது, நின் வீட்டு எண் யாது, அதற்குச் சான்று எங்கே, சான்றுக்குரிய கட்டணம் எங்கே என்று அவர் கேட்டாரில்லை. இன்றும் பிக்குச் சங்கத்தில் உபசம்பதை பெறுவோனிடம் அவன் பெயரையும் உபாத்தியாயர் பெயரையும் கேட்பர். கடனாளியா, பெற்றோர் இசைந்தனரா என்றும் வினவுவர். வீட்டு முகவரி கேட்கும் வழக்கம் அங்கு இல்லை. வீட்டை விட்டு நீங்கியவனிடம் அதைக் கேட்பதிற் பொருள் ஏது?

ஆனால் வீட்டை விட்டவன் வேறு; வீடே இல்லாதவன் வேறு. முன்னவன் தானே விரும்பி இல்லறம் துறந்தான். பின்னவனையோ வறுமை தெருவில் நிறுத்தியது. முன்னவனை வணங்குகின்றோம், பின்னவனை நகர்ந்து போகச் சொல்கின்றோம். இக்காலத்தில் இப்பின்னவனுக்கு அரிசி முதல் கூலி வரை எதுவும் அடையாள அட்டையின்றி எளிதிற் கிடைப்பதில்லை. நாம் ஈண்டுக் கூற வந்தது இதுவே: அவ்வட்டையைப் பெறவும், திருத்தவும், அதற்குரிய சான்றுகளைத் தேடவும் வீடற்றாரிடம் ஒரு காசும் பெறலாகாது.

நாம் வாழும் கராடியையே காண்போம். முளா-முட்டா ஆற்றங்கரையில் வயல் சூழ்ந்திருந்த இச்சிற்றூரில் இன்று இயான் கணினிப் பூங்காவும் உலக வர்த்தக மையமும் வானளாவி நிற்கின்றன. அவற்றில் பணிபுரியும் தமிழரும் பலர். இத்தகைய மாளிகைகளைக் கட்டும் தொழிலாளர் தகரக் கொட்டகைகளில் வாழ்வர். கட்டடம் முடிந்த அன்றே கொட்டகை பிரிக்கப்படும். முகவரியும் அதனோடு மறையும். கொட்டகையும் கிடையாதார்க்கு மேம்பாலத்தின் அடியும் கடைவாயிலுமே உறைவிடம். கட்டடத் தொழிலாளர்க்கென 1996ஆம் ஆண்டிலேயே சட்டம் பிறந்தது. ஓராண்டில் 90 நாள் உழைத்தவர் நலவாரியத்திற் பதிவு பெறலாம். ஆனால் பதிவு பெற அடையாளச் சான்று வேண்டுமே!

ஆதார்ப் பதிவு இலவசமன்றோ எனச் சிலர் வினவலாம். உண்மை, முதற்பதிவு இலவசமே. 2016ஆம் ஆண்டின் ஆதார்ச் சட்டம் தன் ஐந்தாம் பிரிவில், நாடோடிப் பழங்குடியினர்க்கும் நிலையான உறைவிடம் இல்லாதார்க்கும் எண் வழங்கச் சிறப்பு முயற்சிகள் எடுத்தல் வேண்டும் என ஆணையத்தைப் பணித்தும் இருக்கின்றது. எனினும் துன்பம் பெரும்பாலும் முதற்பதிவிற்குப் பின்னரே தொடங்குகின்றது. நடைபாதையில் உறங்குபவனது கைப்பேசி களவு போகின்றது. புதிய எண்ணைப் பதியக் கட்டணம். சிமெண்டிலும் செங்கல்லிலும் உழைத்தவனுக்கு விரல் ரேகை தேய்கின்றது. மீண்டும் ரேகை பதியக் கட்டணம். 2025 அக்டோபர் 1 முதல், பெயர், முகவரி முதலியன திருத்த 50 ரூபாயாக இருந்தது 75 ரூபாயாகவும், ரேகை முதலியன புதுப்பிக்க 100 ரூபாயாக இருந்தது 125 ரூபாயாகவும் உயர்ந்தன. கணினி நிறுவனத்தில் ஊதியம் பெறுவோர்க்கு இஃது ஒரு பொருட்டன்று. தெருவில் உறங்குபவனுக்கோ இது ஒருநாள் உணவு. அலுவலகம் சென்று காத்திருந்தால் அன்றைய கூலியும் போயிற்று. இன்ன சான்று இல்லை எனத் திருப்பி அனுப்பப்பட்டால் மறுநாட் கூலியும் போகும். இடையில் தரகன் ஒருவன் வந்து நிற்பான். அவன் கேட்கும் தொகைக்கு அளவே இல்லை.

கட்டணத்தை நீக்கினால் பொய்யர் புகுந்துவிடுவர் என்று அஞ்சுவாரும் உளர். பொய் அட்டை வேண்டுபவன் 125 ரூபாய்க்கு அஞ்சுவானோ? அவன் ஆயிரமும் கொடுப்பான். கட்டணம் என்னும் வேலி கள்வனைத் தடுப்பதில்லை. பசித்தவனை மட்டுமே தடுக்கின்றது.

கட்டணத்தைத் தள்ளுபடி செய்வது அரசுக்குப் புதிதுமன்று. மகாராஷ்டிர அரசு 2024 அக்டோபரில் முத்திரைத்தாளின் குறைந்த மதிப்பை 100 ரூபாயிலிருந்து 500 ரூபாயாக உயர்த்தியது. பின்னர் 2025 மார்ச்சில், சாதி, வருமானம், வசிப்பிடம் முதலிய சான்றிதழ்கட்கான பிரமாணப் பத்திரங்களுக்கு அவ்வைந்நூறு ரூபாய்த் தாள் வேண்டியதில்லை, வெள்ளைத்தாளில் எழுதிக் கையொப்பமிட்டால் போதும் என்று அறிவித்தது. ஆதார் ஆணையமும் 2025 அக்டோபரில் கட்டணத்தை உயர்த்திய வேளையிலேயே, சிறுவர்களின் கட்டாய ரேகைப் புதுப்பிப்புக்கு ஓராண்டுக் காலம் கட்டணத்தை நீக்கியது. மாணவர்க்கும் சிறுவர்க்கும் இரங்கிய கை, தெருவில் கிடக்கும் முதியவனுக்கு ஏன் நீளலாகாது? அமெரிக்க நாட்டுக் கலிபோர்னியாவில் 2014இல் இயற்றிய சட்டத்தால், 2015 ஜூலை முதல் பிறப்புச் சான்றும் 2016 ஜனவரி முதல் அடையாள அட்டையும் வீடற்றார்க்குக் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. ஒருவர் வீடற்றவர் என்பதை அன்னாரிடையே தொண்டு புரிவோர் எழுதிக் கொடுத்தால் போதும். இதில் நம் நாட்டால் ஆகாதது ஒன்றுமில்லை.

நம் நாட்டிலேயே போற்றத்தக்க முறை ஒன்றுண்டு. வீடற்ற ஒருவர் வாக்காளராகப் பெயர் பதிய விரும்பி மனுச் செய்தால், வாக்குச்சாவடி அலுவலர் ஓரிரவுக்கு மேற்பட்டு, இரவிலேயே அவ்விடம் சென்று, அவர் அங்கு உறங்குகின்றாரா எனக் காண வேண்டும் என்பது தேர்தல் ஆணையத்தின் விதி. கண்டால் வேறு முகவரிச் சான்று வேண்டியதில்லை; கட்டணமும் இல்லை. மணிமேகலைக் காப்பியத்து ஆபுத்திரனை நினைமின்! பெற்றோர் பெயர் சொல்ல வகையின்றி, வளர்த்தோரும் துரத்த, மதுரையில் சிந்தாதேவி கோயில் வாயிலில் பிச்சையோட்டைத் தலைக்கு வைத்துத் துயின்றவன் அவன். இன்று இருந்திருப்பின் தேர்தல் அலுவலர் இரவில் வந்து கண்டு அவனை வாக்காளனாக்கியிருப்பார். மற்ற இலாகாக்கள் அவ்வமுதசுரபிக்கே ரசீது கேட்டிருக்கும்.

ஒரு தாளின் அருமை நம்மனோர்க்குப் பிறர் சொல்லித் தெரிய வேண்டுவதில்லை. 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் பாபாசாகேப் அம்பேத்கர் தம்மம் ஏற்றார். இலட்சக்கணக்கானோர் உடன் ஏற்றனர். ஆனால் 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணையிற் பௌத்தர்க்கு இடமில்லை. 1990இல் அது திருத்தப்படும் வரை 34 ஆண்டுகள், தம்மத்தை ஏற்றவர் சான்றிதழில் ஒரு சொல்லால் எத்துணை உரிமைகளை இழந்தனர்! நிலையும் துன்பமும் மாறாதிருக்கத் தாள் மட்டும் மாறியது. ஆதலின், தாள் இல்லை என்பதால் ஒருவனை இல்லாதவனாகவே கருதும் கொடுமையைப் பிறர் பொறுப்பினும் நாம் பொறுத்தல் தகாது.

சக்கவத்தி சீகநாத சுத்தத்தில் பெருமான் ஓர் அரசனைப் பற்றிக் கூறுகின்றார். அவன் நாட்டைக் காத்தான். ஆயினும் வறியவர்க்குப் பொருள் ஈயாதொழிந்தான். அதனால் வறுமை பெருகிற்று; வறுமையாற் களவும், களவாற் கொலையும் பெருகின. காலத்தில் ஈயாத அரசு பின்னர்ச் சிறைக்கும் காவலுக்கும் செலவிடுகின்றது. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு இந்நாட்டில் வீடற்றோர் 17.73 இலட்சம் எனக் காட்டிற்று. அவர்களை எண்ணுதற்கெனப் பிப்ரவரி 28ஆம் நாள் இரவு ஒதுக்கப்பட்டிருந்தது. ஓரிரவு எண்ணிவிட்டு, மறுநாட்காலை அவர்களிடமே சான்று கேட்பது முறையாமோ?

தானத்தைப் பொருட்டானம், அபயதானம், தம்மதானம் எனப் பகுப்பர். அரசு கட்டணத்தை நீக்கும் வரை நாம் அதனைச் செலுத்துவது பொருட்டானம். அலுவலக வாயிலில் கைகட்டி நிற்பவனோடு நாமும் சென்று நிற்பது அபயதானம்; இவ்விடயத்தில் இதுவே பெரிதென்பது நம் கருத்து. தனியே வருபவனை நாளை வா என்பார், உடன் ஒருவர் இருந்தால் நாற்காலி காட்டுவதுண்டு. அங்கீகாரம் பெற்ற காப்பகத்தின் பொறுப்பாளர் தரும் சான்றை ஆதார் மையங்கள் ஏற்கும். ஆதலின் முதலில் அத்தகைய காப்பகத்தாரை அணுகுவது நன்று.

உதவச் செல்வோர் சிலவற்றை மறவாதிருத்தல் வேண்டும். அவர்களைப் படம் பிடித்தலாகாது. அட்டையின் படியை நம்மிடம் வைத்துக்கொள்ளுதல் கூடாது. எண்ணைப் பிறர்க்கு உரைத்தலும் கூடாது. நம் சங்கத்திற் சேர் என்று அவ்வேளையிற் கேட்பது அறவே தகாது. ஆளவியில் பெருமான் உணவைத் தந்தது எந்தப் பேரத்தினாலும் அன்று.

ஆதார் ஆணையத்திற்கும் மாநில அரசுக்கும் விண்ணப்பம் ஒன்று வரைதல் வேண்டும். வீடற்றார் என்று காப்பகமோ மாநகராட்சியோ சான்றளித்தவர்க்குத் திருத்தக் கட்டணமும் புதுப்பிப்புக் கட்டணமும் நீக்கப்பட வேண்டும் என்பதே அதன் கோரிக்கை. நம்முள் மராத்தி பிழையற எழுத வல்ல இளைஞர் இருவர் முன்வரின் வரும் பௌர்ணமியன்றே அதனை எழுதி முடிக்கலாம். கொட்டகைகளில் வாழ்வோர் பல மாநிலத்தார். ஆகவே இந்தி நன்கு பேசத் தெரிந்த பெண்டிர் சிலரும் உடன் வருதல் வேண்டும். பகலில் அவர்கள் பணியில் இருப்பர். மாலை ஏழு மணிக்குப் பின் சென்றாற்றான் காண இயலும்.