சாபம் தீர்ந்ததா?

பாறசாலைக்கும் நெய்யாற்றங்கரைக்கும் இடைப்பட்ட சிற்றூரொன்றிலிருந்து அன்பர் ஒருவர் நமக்கு எழுதியிருக்கிறார். இரண்டாண்டுகட்கு முன் குடும்பத்தோடு திரிசரணம் ஏற்றவர் அவர். அன்னையாரும் உடன் ஏற்றார். ஆயினும் அவ்வம்மையார் வெள்ளிதோறும் வீட்டின் பின்புறத்துப் பாலை மரத்தடியில் விளக்கேற்றிப் பால் வைப்பதை நிறுத்தவில்லையாம். கேட்டால், "பெண்பழி, சங்கத்தில் சேர்ந்தால் தீர்ந்துவிடுமா?" என்கிறாராம். மரத்தை வெட்டிவிடலாமா என்பது அன்பரின் கேள்வி.

மூடநம்பிக்கை என்று ஒரு வரியில் விடை எழுதியிருக்கலாம். நம் கூட்டங்களில் பெரும்பாலும் அப்படித்தான் செய்து முடிக்கிறோம். ஆனால் மகனின் கேள்வியைவிட அன்னையின் கேள்வியே ஆழமானதாக நமக்குத் தோன்றுகிறது.

அந்நாட்டில் நீலி கதை அறியாதார் இல்லை. நாகர்கோவிலை அடுத்த கள்ளியங்காட்டை அவளோடு சேர்த்து வில்லுப்பாட்டில் பாடுவர். உறங்குகையில் நகைக்காகக் காதலனால் கொல்லப்பட்டவள், மறுபிறப்பில் கள்ளிக் கொப்பைக் குழந்தையாக்கி இடுப்பில் ஏந்தி வந்து, கொன்றவனைக் கொல்கிறாள். அவளை அவன் மனைவியென்றே நம்பி, அவன் உயிருக்குப் பிணை நின்ற எழுபது வேளாளரும் தீப்பாய்கின்றனர். கொன்றவனின் பெயரைச் சொல்லி எந்தத் தாயும் குழந்தையை அச்சுறுத்துவதில்லை என்பதைக் கவனித்தல் வேண்டும். கொலையுண்டவளின் பெயரே பேய்ப்பெயராயிற்று!

பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரம் செல்லும் வழியை மறித்த யக்ஷியைக் கடமற்றத்துக் கத்தனார் அடக்கியதாகக் கொட்டாரத்தில் சங்குண்ணியின் ஐதிஹ்யமாலை கூறும். அவளும் நீலியே என்பது மக்கள் வழக்கு. அன்பரின் ஊர்ப்புறமாகச் செல்லும் வழிதான் அது. கத்தனார் அவள் தலையில் இரும்பாணி அறைந்தார். அவளும் பணிப்பெண்ணாய் ஒரு வீட்டில் அடங்கியிருந்தாள். ஒரு நாள் கிழவி ஒருத்தி அவளுக்குத் தலைவாரும்போது ஆணியைக் கண்டு, இரங்கிப் பிடுங்கிவிட்டாள். யக்ஷி அக்கணமே பறந்துபோனாள். ஆணி இருந்த நாளெல்லாம் சாபம் தீர்ந்தது என்றே அவ்வீட்டார் எண்ணியிருப்பர். தீரவில்லை, கட்டுண்டிருந்தது, அவ்வளவே. ஆணி வேண்டாமென்று நாம் கூறோம். 1936 நவம்பர் 12இல் திருவிதாங்கூரில் வந்த ஆலயப் பிரவேசப் பிரகடனமும், 1950இல் தீண்டாமையை ஒழித்த அரசியல் சட்டத்தின் 17ஆம் பிரிவும் வேண்டிய ஆணிகளே. எனினும் ஆணியைப் பிடுங்கக் காத்திருக்கும் கைகளை நம்மவர் நன்கறிவர்.

பழையனூர் நீலி திருந்திய கதையும் தமிழில் உண்டு. நீலகேசியில் அவள் முனிசந்திரர் என்னும் சமண முனிவரை அச்சுறுத்த வந்து, அஞ்சாத அவரிடமே அறங்கேட்டுக் கொலையைக் கைவிடுகிறாள். பின்னர் அவள் வாதில் வெல்வது நம் பௌத்தர்களை! அதனை நாம் பொருட்படுத்த வேண்டுவதில்லை. ஆணியின்றி அவள் மாறினாள் என்பது போதும்.

தம்மபத உரையில் வரும் காளி யக்கினியின் கதை இன்னும் நெருக்கமானது. மலடியான மூத்தவள், இளையவளின் கருவை மும்முறை கலைத்து, இறுதியில் அவள் சாவுக்கும் காரணமானாள். இறந்தவள் பழிவாங்கச் சூளுரைத்தாள். பிறவிதோறும் ஒருத்தியின் மக்களை மற்றவள் தின்றாள். கடைசிப் பிறவியில், யக்கினி துரத்த, சாவத்தி நகரத்துப் பெண்ணொருத்தி கைக்குழந்தையோடு ஜேதவனத்துள் ஓடிப் பகவானின் திருவடியில் பிள்ளையைக் கிடத்துகிறாள். பகவான் யக்கினியை உள்ளே அழைப்பிக்கிறார். பிறகு அத்தாயிடம், "பிள்ளையை அவள் கையில் கொடு" என்கிறார். அவள் அஞ்சுகிறாள், ஆயினும் கொடுக்கிறாள். யக்கினி முத்தமிட்டுத் திருப்பித் தந்துவிட்டு அழுகிறாள். இனி எதை உண்டு வாழ்வது என்பதே அவள் கவலை. "வீட்டுக்கு அழைத்துப்போய்க் கஞ்சி வார்" என்பது அப்பெண்ணுக்குப் பகவான் இட்ட ஏவல்.

கதை அத்துடன் முடியாததுதான் சிறப்பு. உரல் இருக்குமிடத்தில் யக்கினியை வைத்தால் உலக்கை தலையில் இடிப்பதுபோல் இருக்கிறதாம். வேறிடங்களிலும் ஒவ்வொரு தொல்லை. பகைவரை வீட்டில் வைத்துக்கொள்வது எளிதன்று என்பதை உரையாசிரியர் நன்கறிந்திருக்கிறார். இறுதியில் ஊர்ப்புறத்தே அமைதியான இடம் கண்டு, அங்கே நாள்தோறும் சோறு கொண்டுசென்றாள் அப்பெண். யக்கினியோ, இவ்வாண்டு மழை மிகும், மேட்டில் விதை. இவ்வாண்டு மழை குன்றும், பள்ளத்தில் விதை என்று சொல்லி உதவினாள்.

இனி அன்பரின் குடும்பத்துப் பழி யாது? அவர் கடிதத்தின் இறுதியில் போகிறபோக்கில் எழுதியது இது: கொள்ளுப்பாட்டனார் தம் தம்பியின் விதவையைப் பங்கு கொடாமல் குழந்தையோடு இரவில் துரத்தினார், அவள் மண் வாரித் தூற்றிப் போனாள், அவள் வழியினர் களியக்காவிளைக்கு அப்பால் வாழ்கின்றனர். 1956 நவம்பர் 1இல் மாநில எல்லை இடையே விழுந்தபின் இரு வீட்டாரும் கலியாணம், சாவு எதற்கும் போவதில்லை.

அவள் சொன்ன சொல்லுக்கு ஆற்றல் உண்டென்று பௌத்தம் கொள்ளாது. செய்தவன் வினை செய்தவனுக்கே. கொள்ளுப்பாட்டன் செய்ததற்கு அன்பர் பொறுப்பாளியும் அல்லர். ஆனால் தம்பியின் பங்கில் இன்று வாழை வைத்திருப்பவர் எவர்? அறிந்தபின் வைத்துக்கொள்வது பாட்டனின் வினையன்று, தம்முடையது. அம்மையார் இதைத்தான் உணர்ந்திருக்கிறார் போலும். உரியவரை விட்டு மரத்துக்குப் பால் வார்ப்பதே அவர் செய்யும் பிழை.

மரத்தை வெட்டவேண்டாம், அன்னையையும் கடியவேண்டாம் என்று அன்பருக்கு எழுதினோம். வருகிற வைகாசிப் பௌர்ணமிக்கு அவ்வீட்டாரை உணவுக்கு அழைக்குமாறும், நிலத்தின் பழைய பத்திரத்தை எடுத்து வைத்துக்கொண்டு அவர்களோடு உட்காருமாறும் கேட்டிருக்கிறோம். உலக்கை இடிக்கும் என்பதையும் மறைக்கவில்லை. இரு வீடுகளுக்கும் இடையே ஒரு நாழிகை நடைதானாம். மறுமொழி இன்னும் வரவில்லை.