நெருப்பும் கிழங்கும்

துன்பம் கலைஞனைப் புடம்போடுகிறது என்று நம்மில் பலரும் எழுதியாகிவிட்டது. அதற்குச் சாட்சியாக அடிக்கடி அழைக்கப்படும் படிமம், சாம்பலில் பூக்கும் பூ. அந்தப் பூவையே ஒருமுறை விசாரித்துப் பார்க்கலாம். அப்படிப் பூப்பவை நிஜமாகவே இருக்கின்றன.

புனேக்கு அருகே தளேகாவ் தாபாடே பகுதிப் புல்வெளியில் கண்ட ஒரு செடியை, ஆகர்கர் ஆய்வு நிலையத்தார் 2024இல் புதிய இனமாக அறிவித்தார்கள். பெயர் டிக்லிப்டெரா பாலிமார்ஃபா. மழை ஓய்ந்த பின் நவம்பரிலிருந்து ஒரு பருவம் பூக்கிறது. கோடையில் ஊர்க்காரர்கள் புல்லுக்குத் தீ வைத்த பிறகு, மே ஜூனில், கட்டைபோன்ற அடிவேரிலிருந்து குட்டைத் தண்டுகள் விட்டு மறுபடியும் பூக்கிறது. தென்னாப்பிரிக்காவின் தீ லில்லி வெங்காயம் போன்ற கிழங்காக வருஷக்கணக்கில் மண்ணுக்குள் கிடக்கிறது. மேலே புதர் எரிந்த இரண்டொரு வாரங்களில் சிவப்பாகப் பூத்துவிடுகிறது. அதைத் தூண்டுவது வெப்பம் அல்ல, புகைதான் என்று 1993இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

ஆக, தீ ஒரு சமிக்ஞை. பூவுக்கான உணவு ஏற்கனவே கிழங்கில் இருந்தது. நம் வறண்ட நிலங்களில் நரி வெங்காயம் எந்தத் தீயும் படாமல், கோடையில், இலைகூட விடுமுன் பூத்தண்டை நீட்டுகிறது. அங்கும் செலவாவது சேமிப்புதான். சேமிப்பில்லாதவை தீயில் போய்விடுகின்றன. அவற்றின் தரப்பைப் படிமம் கேட்பதில்லை.

படிமம் மறைக்கும் இன்னொன்று, தீ வைத்த கை. மணவாள நகரைத் தாண்டிச் சாலையோரம் காய்ந்த புல்லைக் கொளுத்துகிறவர் எந்தக் கிழங்கையும் நினைத்துக் கொளுத்துவதில்லை. புல் விஷயத்தில் இது பெரிய குற்றமில்லை. மனிதர்களிடம் வரும்போது குற்றமாகிறது. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். அதைப் பின்னணியாகக் கொண்ட இந்திரா பார்த்தசாரதியின் ‘குருதிப்புனல்’ 1977இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றது. நாவலை அந்தத் தீயின் விளைச்சல் என்று சொல்ல நாக் கூசுகிறது. கூசத்தான் வேண்டும். அந்த 44 பேருக்குள் என்ன இருந்தது, அது எப்போது பூத்திருக்கும் என்பது இனி யாருக்கும் தெரியப்போவதில்லை.

தீ இல்லாவிட்டால் அந்த லில்லி பூத்திருக்காதே என்று கேட்கலாம். சரிதான். சில கவிதைகளும் அந்தந்தத் துயரம் இல்லாமல் எழுதப்பட்டிருக்காது. இது நடந்ததைப் பற்றிய ஒரு தகவல். இதிலிருந்து தீக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம் என்ற முடிவுக்குத் தாவுவதில்தான் கோளாறு. ஒன்றின் காரணமாக இருப்பதும் அதற்காக நன்றி பெறத் தகுதியாவதும் வேறுவேறு.

அதனால், கஷ்டத்தில் இருக்கும் நண்பனிடம் ‘இதெல்லாம் உன்னை எழுத வைக்கும்’ என்று சொல்வதை நாம் நிறுத்திக்கொள்ளலாம். அவனுக்குத் தேவை கைமாற்றாகக் கொஞ்சம் பணமாக இருக்கும். அல்லது தூங்க ஓர் இடம்.