முழு ஒரு நிமிஷம்

புனேயில் ஓர் ஆஸ்பத்திரியில் பெரியப்பா படுத்திருந்த முதல் ஆறு நாளும், கட்டில் காலில் தொங்கிய அட்டையில் மூச்சு எண்ணிக்கை 20 என்றே இருந்தது. காலையிலும் 20, நள்ளிரவிலும் 20. தூங்கும்போது 20, கழிப்பறைக்குப் போய்வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றபோதும் 20. காய்ச்சல் மாறியது, பிரஷர் மாறியது. அந்த எண் மாறவேயில்லை. யாரும் எண்ணவில்லை என்பதுதான் காரணம்.

ஆறாம் நாள் சாயங்காலம் யாரோ ஆக்ஸிஜனைக் கூட்டிவைத்துவிட்டுப் போனார்கள். விரலில் மாட்டிய கிளிப் 98 காட்டியது. பெரியப்பாவும் அசந்து தூங்கினார். நாங்கள் நிம்மதியாக டீ குடிக்கப் போனோம்.

இரவுப் பணிக்கு வந்த சிஸ்டர் புதியவர். நாடி பார்ப்பதுபோல மணிக்கட்டைப் பிடித்தார். ஆனால் பார்வை போர்வையின் ஏற்ற இறக்கத்தில் இருந்தது. மூச்சை எண்ணப்போகிறேன் என்று சொன்னால் மூச்சு மாறிவிடும். அதற்காக இந்தப் பாசாங்கு. முழு ஒரு நிமிஷம் அப்படியே நின்றார். அட்டையில் 32 என்று எழுதினார். பிறகு பெரியப்பாவைத் தட்டி எழுப்பப் பார்த்தார். ஒரு முனகலுக்குமேல் பதில் இல்லை. "இது தூக்கமில்லை" என்று சொல்லிவிட்டு டாக்டருக்குப் போன் போட்டார்.

மணிக்கட்டுத் தமனியில் ரத்தம் எடுத்தார்கள். ஊசியில் காற்றுக்குமிழ் தங்கினால் கணக்கு தப்பும் என்று சிஸ்டர் அதைத் தட்டி வெளியேற்றினார். குத்திய இடத்தை ஐந்து நிமிஷம் விடாமல் அழுத்திப் பிடித்தார். ரத்தத்தின் pH அளவு 7.35க்கும் 7.45க்கும் நடுவில் நிற்க வேண்டும். அவ்வளவு குறுகலான வாசல். பெரியப்பாவுக்கு 7.26. நாற்பது வருஷம் பீடி குடித்த நுரையீரலால் கரியமில வாயுவை வெளியே தள்ள முடியவில்லை. அது ரத்தத்தில் தேங்கினால் அமிலம். மூளைக்கு ஏறினால் மயக்கம். விரல் கிளிப்புக்கு ஆக்ஸிஜன் தெரியும், கரியமில வாயு தெரியாது. இப்படிப்பட்டவர்களுக்கு 88 முதல் 92 வரை போதும் என்பதும், 98 வரை ஏற்றியது நன்மையைவிடத் தீமையே செய்தது என்பதும் அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

மருத்துவ உலகமே ஒருமுறை இதில் ஏமாந்திருக்கிறது. 1952இல் கோபன்ஹேகனில் போலியோ பரவி, பிளெக்டாம் மருத்துவமனையில் மூச்சுத் தசை செயலிழந்தவர்கள் வரிசையாக இறந்தார்கள். அவர்கள் ரத்தத்தில் கூடியிருந்த கரியமில வாயு அளவைப் பார்த்து, ஏதோ காரத்தன்மை என்று டாக்டர்கள் நினைத்தார்கள். மயக்க மருந்து நிபுணர் பியோர்ன் இப்சன்தான் அது அமிலம், மூச்சு போதாமல் தேங்கியது என்றார். பன்னிரண்டு வயதுச் சிறுமியின் தொண்டையில் துளையிடச் செய்து, பையைக் கையால் அமுக்கிக் காற்றைச் செலுத்திக் காட்டினார். அதன்பின் சுமார் 1500 மருத்துவ மாணவர்கள் முறைவைத்து இரவும் பகலும் பை அமுக்கினார்கள். சாவு பாதிக்கும் கீழே இறங்கியது. இப்சனின் அறிவைப் புகழ்கிறோம். எனக்கென்னவோ விடியற்காலை மூன்று மணிக்குக் கை மரத்தும் பையை விடாத அந்தப் பெயர் தெரியாத மாணவர்கள்தான் நினைவில் நிற்கிறார்கள்.

அவர்களோடு பெயர் தெரிந்த ஒருவரும் நினைவுக்கு வருகிறார். பெரியப்பா வீடு புனேயின் ஹடப்ஸரில். 1897இல் பிளேக் வந்தபோது, பெண் கல்வி முன்னோடி சாவித்ரிபாய் புலே, தன் மகன் யஷ்வந்த் அந்தப் பக்கம் நடத்திய சிகிச்சை முகாமில்தான் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டார். முண்ட்வாவிலிருந்து ஒரு சிறுவனை முதுகில் சுமந்து வந்தார். நோய் தொற்றி மார்ச் 10 அன்று இறந்தார். பிளேக்கை நிச்சயமாகக் குணமாக்கும் மருந்து அன்று எவரிடமும் கிடையாது. அந்தக் காலத்தில் வீடு புகுந்து சோதனையிடச் சிப்பாய்களை அனுப்பியது அரசு. ஜனங்கள் நோயாளிகளை ஒளித்துவைத்தார்கள். ஒளித்துவைக்க வேண்டியிராத ஒரே இடம் அந்த முகாமாகத்தான் இருந்திருக்கும்.

20 என்று எழுதிப்போனவர்களை எனக்குத் திட்டத் தோன்றவில்லை. அந்த வார்டில் ஒரு சிஸ்டருக்கு முப்பது கட்டில். ஒவ்வொருவருக்கும் ஒரு நிமிஷம் என்றால் அரை மணி நேரம். அந்த அரை மணியை அவர்களுக்குக் கொடுக்காத நிர்வாகமும் அந்தப் பொய்யில் கூட்டு. ஆனாலும் அது பொய்தான். பார்க்காததைப் பார்த்ததாக எழுதுவது. நம்மில் எத்தனை பேர் எத்தனை நோட்டுகளில் தினமும் இதைச் செய்கிறோம்!

முகமூடி வழியே காற்றைத் தள்ளும் பைபேப் மெஷின் மூன்று நாள் ஓடியது. அந்த சிஸ்டர் மூக்குத்தண்டு புண்ணாகாமல் பஞ்சு வைத்தார், உதடு நனைத்தார், முன்னால் தலையணை அடுக்கிச் சாய்ந்து உட்காரவைத்தார். பக்கத்துக் கட்டில்காரர் "தம் லாக்தோய்" என்று மராட்டியில் முனகினால் அங்கும் போனார். பெரியப்பாவுக்கு நினைவு தெளிந்ததும் முதல் கேள்வி: "அவருக்கும் தம்மா?" நம் 'தம்' அங்கே மூச்சிரைப்பு.

வீட்டுக்கு வந்து ஒரு வாரம் ஆகியிருக்கும். மதியத் தூக்கத்தில் இருந்தவரின் மணிக்கட்டைப் பிடித்தேன். கண் திறக்காமலே கேட்டார்: "என்னடா, நாடியா?"

"ஆமாம் பெரியப்பா."

22.