பனி விழாத ஊரிலிருந்து

தூத்துக்குடியைக் காப்பவள் பனிமய மாதா. ரோமாபுரியில் எஸ்குவிலின் குன்றின் மேல் ஆகஸ்ட் மாத வெயிலில் பனி பெய்தது என்று ஒரு பழங்கதை. அந்தக் கதையால் வந்த பெயர். ஆண்டுதோறும் ஆகஸ்ட் 5 அன்று ஊரே அவள் சந்நிதியில் நிற்கிறது. நின்றவர்களில் வானத்திலிருந்து பனி விழுந்து பார்த்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? மார்கழி விடியற்காலையிலும் இங்கே இருபது டிகிரியை ஒட்டித்தான். பாட்டிலுக்குள் தேங்காய் எண்ணெய் உறைந்து நின்றால் அதுவே எங்கள் குளிர்காலம்.

*

அண்ணன் மகன் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வாங்கியிருக்கிறான். ஒருவர் ஓட்டிக் கைமாறியதுதான், ஆனாலும் பளபளப்பு. கப்பல் ஏஜென்சியில் வேலை. ஞாயிறு விடியலில், உப்பு லாரிகள் கிளம்பும் முன்னால், துறைமுகச் சாலையில் ஓட்டிவிட்டு வருவான். இப்போது அந்த வண்டியிலேயே தை மாதம் ஊட்டிக்குப் போக வேண்டுமாம்.

"டயரு புதுசு சித்தப்பா. ரோட்டக் கவ்விப் பிடிக்கி."

"இங்க பிடிக்கிடே. அங்க பிடிக்குமான்னுதான் கேக்கேன்."

சிரித்தான். அந்தச் சிரிப்பில் எனக்குக் கோபமில்லை. நம் ஊரில் டயர் என்றால் டயர், அவ்வளவுதான். கோடை டயர், குளிர்கால டயர் என்ற பேதமே நம் கடைகளில் கேட்பதில்லை. நாம் ஓட்டுவதெல்லாம் பெரும்பாலும் வெப்ப நாட்டுக்கென்று செய்தவை.

*

கார் எவ்வளவு பெரிதானாலும் சாலையைத் தொடுவது நான்கு இடங்கள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ உள்ளங்கை அகலம். தார்ச்சாலை கண்ணுக்குச் சமமாகத் தெரிந்தாலும் அதில் நிறைய நுண்ணிய மேடுபள்ளங்கள் உள்ளன. இளகிய ரப்பர் அந்தச் சின்னக் குழிகளுக்குள் இறங்கி, வெளிவர மறுக்கிறது. அந்த மறுப்பின் பெயர்தான் பிடிமானம்.

வேகக் கார்களின் கோடை டயரில் இருப்பது சூடேறினால்தான் நன்றாக இளகும் கலவை. நல்ல வெயிலில், கடும் வளைவில், கொதிக்கும் சாலையில் அது தேய்ந்து கரையாமல் தாங்க வேண்டும். அதற்காகவே அப்படிச் செய்கிறார்கள். அந்தக் குணத்துக்கு ஒரு விலை உண்டு. ஏறத்தாழ ஏழு டிகிரிக்குக் கீழே போனால் இறுகத் தொடங்கும். இறுகியது குழிக்குள் இறங்காது, மேலாகவே வழுக்கிப் போகும். உறைகுளிரில் சில டயர்களை நகர்த்தினாலே மேல்பரப்பில் வெடிப்பு விழலாம் என்று செய்தவர்களே எச்சரிக்கிறார்கள். குளிர்கால டயரின் கலவை வேறு. குளிரிலும் இளக்கம் விடாது. அதன் மேல்பரப்பில் மெல்லிய கீறல்கள் நிறைய இருக்கும், பனியைக் கடிக்க.

கவனித்தால், எந்தக் கருவியும் இதற்கு ஈடு செய்வதில்லை. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் ஏபிஎஸ் பார்த்துக்கொள்ளும். இல்லாத பிடிமானத்தை அது எங்கிருந்து கொண்டுவரும்?

*

ரப்பரின் இந்தப் பலவீனம் பழையது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர் காலணிகள் வெயிலில் பிசுபிசுத்தன, குளிரில் கட்டையாயின. 1839இல் சார்லஸ் குட்இயர் கந்தகத்தோடு சூடாக்கி அதை ஓரளவு அடக்கினார். ஓரளவுதான். 1986 ஜனவரி 28 காலை, உறைகுளிர் இரவுக்குப் பின் சேலஞ்சர் விண்கலம் ஏவப்பட்டது. குளிரில் இறுகிய ரப்பர் வளையம் இடைவெளியை அடைக்கத் தவறியது. ஏழு பேர் இறந்தார்கள். விசாரணையின்போது இயற்பியலாளர் பெயின்மன் அந்த ரப்பரின் துண்டொன்றை ஒரு கோப்பை ஐஸ் தண்ணீரில் நனைத்து, அது இறுகிப்போவதைக் காட்டினார். பெரிய ஆய்வுக்கூடம் எதுவும் தேவைப்படவில்லை.

*

பந்தயக்காரர்களுக்கு இதில் மயக்கம் இல்லை. ஃபார்முலா ஒன் டயர்களைத் தடத்துக்கு அனுப்புமுன் மின்போர்வை போர்த்திச் சூடேற்றி வைப்பதுண்டு. கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் 2005இல் அங்கே போன முதல் இந்தியர். அவர் பெற்ற ஐந்து புள்ளிகளும் இண்டியானாபொலிஸில், அந்த ஆண்டு ஜூன் 19 அன்று, நான்காம் இடத்துக்காக வந்தவை. மிஷலின் டயர்கள் அந்தத் தடத்தின் சாய்வான வளைவைத் தாங்காது என்று அவற்றைப் பூட்டிய அணிகள் எல்லாம் விலகிக்கொள்ள, பந்தயத்தில் மிஞ்சியவை ஆறே கார்கள். அது குளிரின் கதை அல்ல, சுமையின் கதை. ஆனாலும் எத்தனை பெரிய எஞ்சினும் கடைசியில் ரப்பரிடம் கேட்டுத்தான் ஓடுகிறது என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஆறு கார்கள் நினைவுக்கு வரும்.

*

பருவம் பார்ப்பது டயருக்கு மட்டுமல்ல. எங்கள் ஊர் முத்துக் குளிப்பும் பருவம் பார்த்த தொழில். கடல் அடங்கி, தண்ணீர் தெளியும் பங்குனி, சித்திரை வாக்கில்தான் குளிப்பு. முதலில் பார்கள் எனும் கடலடிச் சிப்பித் திட்டுகளைச் சோதித்து, மாதிரிச் சிப்பிகளை எடுத்துப் பார்ப்பார்கள். சிப்பி மூப்படையவில்லை என்றால் அந்த ஆண்டு குளிப்பே கிடையாது. பேர்போன குளியாளியாக இருந்தாலும் கரையில்தான். ஆண்டுக்கணக்கில் காத்திருந்ததும் உண்டு. மன்னார் வளைகுடாவில் கடைசிக் குளிப்பு 1961இல் நடந்தது.

சங்கு குளிப்பது இன்னும் தொடர்கிறது. திரேஸ்புரத்தில் தொழிலை விட்டுவிட்ட முதியவர் ஒருவரிடம் இதைப் பேசிக்கொண்டிருந்தேன். "தண்ணி கலங்கிட்டா நாங்க போறதில்ல. கண்ணு தெரியாத எடத்துல மூச்ச எதுக்குச் செலவழிக்கணும்?" என்றார். கடலைப் பற்றித்தான் சொன்னார். அண்ணன் மகன் பக்கத்தில் இருந்திருக்கலாம்.

*

உப்பைப் பற்றி ஒரு வரி. இங்கே வெயில் காய்ச்சி எடுக்கும் அதே சரக்கை, குளிர் நாடுகளில் சாலையில் கொட்டுகிறார்கள். உப்புநீர் பூஜ்யத்துக்கும் கீழே போனால்தான் உறையும் என்பதால் பனி இளகுகிறது. கடுங்குளிரில் அதுவும் கைவிட்டுவிடும். கனடாவின் கியூபெக் மாகாணம் உப்பை மட்டும் நம்பாமல், டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் கட்டாயம் என்று சட்டமே வைத்திருக்கிறது.

*

நம் மாநிலத்தில் அப்படிச் சட்டம் இல்லை, தேவையும் பெரும்பாலும் இல்லை. ஆனால் நீலகிரி இருக்கிறது. டிசம்பர், ஜனவரி விடியல்களில் ஊட்டியின் காந்தல், தலைக்குந்தா பக்கம் புல்வெளியும் நிறுத்திய கார்களின் கூரையும் உறைபனியால் வெளுத்துக் கிடக்கும். வெப்பம் பூஜ்யத்தைத் தொடும். தலைக்குந்தாவிலிருந்துதான் கல்லட்டி மலைப்பாதை இறங்குகிறது, 36 கொண்டை ஊசி வளைவுகளோடு.

அண்ணன் மகன் போகத்தான் போகிறான். அவனுக்குச் சொன்னதையே, கடற்கரையிலிருந்து மலையேறும் மற்றவர்களுக்கும் சொல்கிறேன். விடியலில் வண்டி எடுக்காதீர்கள். வெயில் ஏறி, மரநிழல் விழும் வளைவுகளும் காய்ந்த பிறகு கிளம்புங்கள். டயர் குளிர்ந்திருக்கும்போதே காற்றழுத்தம் பாருங்கள். முதல் சில கிலோமீட்டர் மெதுவாகப் போங்கள். பிரேக்கை வளைவுக்கு முன்னாலேயே முடித்துவிடுங்கள், வளைவுக்குள் மிதிக்காதீர்கள்.