விரலுக்குக் கொஞ்சம் பாரம்

போட்டிக் கைத்துப்பாக்கிக்காரர்கள் சுத்தியலின் ஸ்பிரிங்கை மாற்றி மாற்றிப் பார்ப்பார்கள். ஸ்பிரிங் மெலிந்தால் விசை இளகும். இழுக்கையில் குறி அசையாது. மிகவும் மெலிந்தாலோ அடியில் வலுவிராது. தோட்டாவின் கேப்பு வெடிக்காது.

2012-இல் லண்டன் ஒலிம்பிக்கில் விஜய் குமார் வெள்ளி வென்ற 25 மீட்டர் துரிதப் போட்டிக்கு ஒரு விதி உண்டு: விசையில் 1000 கிராம் எடையைத் தொங்கவிட்டுத் தூக்குவார்கள், சுத்தியல் விழக்கூடாது.

உயிரற்ற குறிக்கே இத்தனை பாரம் வேண்டியிருக்கிறது. வாழவந்தியில் காப்பித் தோட்டத்து வேலித் தகராறொன்றில் தெறித்த ஒரு சொல்லால் இரண்டு வீடுகள் பேச்சற்றுப் போனதை அறிவேன். நினைத்தவுடன் செய்வதைச் சுதந்திரம் என்கிறோம். நினைப்புக்கும் செயலுக்கும் நடுவே விரல் உணரும் பாரமே சுதந்திரம் என்று எனக்குப் படுகிறது. அது இருக்கும்வரைதானே விரலை எடுத்துக்கொள்ளவும் முடியும்?