விலையும் மதிப்பும்: முதுசப் பீங்கான்கள் பற்றிய ஓர் அறவிசாரணை

பெற்றோர் விட்டுச்சென்ற பொருளுக்கு விலை கூறுவது அவர்தம் நினைவை இழிவுபடுத்துவதாகும் என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. முதுசத்தை விற்பது முறையா? விற்கலாமெனின் எவ்விலை நேரிய விலை? விற்காது வைத்திருப்பவர் எவருக்கேனும் கடமைப்பட்டவரா? இவ்வினாக்களை, நம் இல்லங்களிற் பேணப்பட்டுவரும் பழம் பீங்கான்களை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மருதமுனை தொடக்கம் கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று வரையுள்ள கரையோர முஸ்லிம் ஊர்களில் உண்கலம் உறவின் அடையாளமுமாகும். ஒரே சஹனைச் சூழ்ந்திருந்து பலர் உண்பது விருந்தின் சிறப்பாகக் கருதப்படுகின்றது. தாய்வழிக் குடிமுறை நிலவும் இப்பகுதியில் வீடு சீதனமாகப் பெண்மக்களுக்கே வழங்கப்படுவதால், வீட்டோடு அலுமாரியும் அலுமாரியோடு பீங்கானும் தாயிடமிருந்து மகளைச் சென்றடைகின்றன. 2004 டிசெம்பர் 26 ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை அம்பாறை மாவட்டத்திற் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் கவர்ந்தது, முதுசங்களையும் வாரிச்சென்றது. அதற்குப்பின் எஞ்சிய ஒரு பீங்கான் உரியவளுக்கு எத்தகையது என்பதை எச்சந்தையும் கூறவியலாது.

ஆயினும் நினைவின் பெறுமதி வேறு. சந்தைப் பெறுமதி வேறு. முன்னதை உரியவரே அறிவர். பின்னதை அறியக் கல்வி வேண்டும். செப்புத் தகட்டிற் செதுக்கிய சித்திரத்தைத் தாளிற் பதித்து, அதனைக் கலத்துக்கு மாற்றும் முறை 18 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இங்கிலாந்திற் பரவியபின், அலங்காரக் கலங்கள் பெருந்தொகையாக உற்பத்தியாயின. நெதர்லாந்தின் மாஸ்திரிக்ட் நகரில் 1830களிற் பெத்ரூஸ் ரெகூ தொடங்கிய தொழிற்சாலையும் ஆசியச் சந்தைகளுக்குக் கலங்களை அனுப்பிற்று. ஆதலின் பழையன யாவும் அரியன ஆகா. அடிப்புற முத்திரை, விளிம்பின் சிதைவு, மயிரிழை வெடிப்பு, தொகுதியின் முழுமை என்பனவே விலையை நிருணயிக்கின்றன. 1890 ஆம் ஆண்டின் அமெரிக்கச் சுங்கவரிச் சட்டம் இறக்குமதிப் பொருள்களிற் பிறந்த நாட்டின் பெயர் இருத்தல் வேண்டுமென விதித்தது. ஆதலால் ‘இங்கிலாந்து’ என்னும் பெயர் பொறித்த கலம் பெரும்பாலும் 1891 இன் பின்னரே எழுந்ததாகும். 1815 மார்ச் 2 ஆம் நாளுக்கு முற்பட்ட கலமோ, 1940 ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டப்படி தொல்பொருளாகும். அனுமதிப்பத்திரமின்றி அதனை நாட்டுக்கு வெளியே கொண்டுசெல்லலாகாது.

இவற்றையெல்லாம் அறிந்த வணிகர் ஒருவர், ஏதுமறியாத மூதாட்டியின் வாயிலில் நின்று “என்ன விலை?” என்று வினவுவதாகக் கொள்வோம். அவள் கூறும் விலையை மறுபேச்சின்றிக் கொடுத்துவிட்டால் அவர் நேர்மையாளராவரா? உரோம அறிஞர் சிசெரோ, கடமைகள் பற்றிய தமது நூலில் இதனையொத்த வழக்கொன்றை ஆராய்ந்துள்ளார். பஞ்சத்தில் வாடும் உரோட்ஸ் தீவுக்குத் தானியம் கொணர்ந்த வணிகன், பின்னால் வேறு கப்பல்களும் வருகின்றன என்பதை மறைக்கலாமா என்பதே அவ்வழக்கு. வெறுமனே பேசாதிருத்தல் மறைத்தலாகாது. தன் இலாபத்தின் பொருட்டு, அறியவேண்டியவர் அறியாதிருக்க விரும்புவதே மறைத்தலாகும் என்பது அவரது முடிபு.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், சந்தையை நோக்கி வரும் வணிகக் கூட்டத்தை வழியிலே எதிர்கொண்டு பொருள் வாங்குவதைத் தடைசெய்தமை நமது வழக்குக்கு இன்னும் நெருங்கியது. சந்தை விலை அறியாதவன் வஞ்சிக்கப்படலாகாது என்பதே அத்தடைக்கு அறிஞர் கூறும் காரணமாகும். சந்தையை அடைந்தபின் விற்பனையை முறித்துக்கொள்ளும் உரிமையும் அவனுக்கு உண்டு. வாயிலுக்கு வந்து வாங்குபவரும் விற்பவளைச் சந்தையை எட்டவிடாது எதிர்கொள்பவரேயாவர். அவர்தம் உழைப்புக்கும் பயணச் செலவுக்கும் நட்ட அச்சத்துக்கும் ஊதியம் பெறுதல் தகும். அவளது அறியாமையைத் தமக்கு முதலாக்குதல் தகாது. வள்ளுவர் வணிகரின் கடனை நடுவுநிலைமை அதிகாரத்தின் இறுதியில் வைத்திருப்பதும் ஈண்டு சிந்திக்கத்தக்கது.

விற்பவருக்கும் கடனுண்டு. ஒட்டவைத்த விளிம்பையும் வெடிப்பையும் வாங்குபவருக்குக் காட்டுதல் வேண்டும். பழங்கலங்கள் சிலவற்றின் மெருகில் ஈயம் கலந்திருத்தல் கூடும். புளிப்புள்ள உணவு அவ்வீயத்தைக் கரைக்கவும் கூடும். உண்பதற்கென வாங்குபவரிடம் இதனைக் கூறாது விடுதல், விலையைக் காட்டிலும் பெரிய வஞ்சனையாகும்.

இனி, விற்காதவரை நோக்குவோம். உயிருடனிருக்கையில் வீட்டை மகளுக்கு நன்கொடையாக எழுதிக்கொடுத்த தாய், அதனுள்ளிருந்த பீங்கான்களையும் கொடுத்தாளா? கொடுத்திருப்பின் அவை மகளுக்கே உரியன. கொடுக்கவில்லையெனின் அவை மரணசொத்தாகும்; 1931 ஆம் ஆண்டின் முஸ்லிம் மரணசாசனமில்லா வழியுரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி ஆண்மக்கள் உள்ளிட்ட ஏனைய உரித்தாளருக்கும் அவற்றிற் பங்குண்டு. பீங்கானை உடைத்துப் பங்கிடவியலாது. விற்றுப் பணத்தைப் பகிர்தல் வேண்டும். அன்றி, ஒருவர் மதிப்பிட்டு எடுத்துக்கொண்டு ஏனையோர் பங்கை ஈடுசெய்தல் வேண்டும். ‘உம்மாவின் நினைவு’ என்று கூறி மதிப்பிடாமலே வைத்துக்கொள்பவர், தம்மையறியாமலே உடன்பிறந்தாரின் பங்கையும் வைத்துக்கொண்டவராகின்றார். பாசத்தின் பெயரால் நிகழ்வதால் இதனை எவரும் அநீதியெனக் காண்பதில்லை.

உடன்பிறந்தாரிடையே விலை பேசுதல் உறவைக் குலைக்காதா எனச் சிலர் வினவலாம். விட்டுக்கொடுத்தல் விலை பேசுதலினும் உயர்ந்தது என்பதை நாமும் உடன்படுகின்றோம். ஆனால் தன் பங்கு எவ்வளவென்று அறியாத தம்பி எதனை விட்டுக்கொடுக்கின்றான்? அவனிடமிருந்து அது கேளாமலே எடுக்கப்படுகின்றது. பெறுமதியை அறிந்தபின், “அது உனக்கே இருக்கட்டும், ராத்தா” என்று அவன் கூறுவானாயின் அதுவே கொடையாகும். பெற்றவளும் தான் பெற்றது இன்னதென அறிந்து நன்றி கூறலாம்.

ஆகவே, முதுசத்தை விற்பதிற் பழியில்லை. விற்காது பேணுவதாலேயே பெருமையும் வந்துவிடாது. இரண்டுக்கும் முன்னே நிற்கும் கடமை மதிப்பறிதலாகும். மதிப்பறியாதவர் நேர்மையாக விற்கவும் இயலாது, வாங்கவும் இயலாது. உண்மையாகக் கொடுக்கவும் இயலாது.